கே-பிக் 107.5: ஸ்ட்ராபெரி ஊரின் பன்றி வானொலியும் கிளாசிக் ராக் பாட்டுப் பட்டியலும்

மண்வாசம் ரவி

2003-லிருந்து மூன்று வருடம் கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற ஊரில் இருந்தேன். ஸ்ட்ராபெரிச் செடியில் வரும் வேரழுகல் சம்பந்தமான வேலை. மான்டெரே விரிகுடாவை ஒட்டிய விவசாய ஊர். ஊரில் பெரும்பாலோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். வயலில் நிற்கும் வண்டிகளிலிருந்து மெக்சிகோ பாட்டுதான் கேட்கும். எங்கள் ஆபீஸ் பிக்கப் வண்டியில் மட்டும் ரேடியோவை யாரோ 107.5-ல் ஆணியடித்து வைத்த மாதிரி இருக்கும். மாற்றினால் சக ஊழியர்கள் முறைப்பார்கள்.

முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் பாட்டு வரும். அது முடிந்ததும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. அடுத்து கிரேட்ஃபுல் டெட் குழுவின் மேடைப் பதிவு ஒன்று, முடிவே இல்லாமல் ஓடும். அப்புறம் பெயரே கேள்விப்படாத உள்ளூர்க்காரர் ஒருவர் கிதாரோடு வருவார். நடுநடுவே அறிவிப்பாளர் பன்றியை வைத்து ஏதாவது சிலேடை பேசுவார். நிலையத்தின் பெயரே கே-பிக் என்பதால் அந்தச் சிலேடைக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை.

ஏன் பன்றி என்று விசாரித்தபோது கதை பக்கத்து ஊரான கில்ராய்க்குப் போனது. அது பூண்டுக்குப் பேர்போன ஊர். அங்கே 1975-ல் 94.5-ல் கே-ஃபேட் என்று ஒரு நிலையம் தொடங்கியது. ஃபேட் என்றால் கொழுப்பு. லொரென்சோ மைலம், ஜெரமி லான்ஸ்மன் என்ற இருவர் பின்னால் இருந்தார்கள். மைலம் 1962-லேயே சியாட்டிலில் மக்கள் வானொலி தொடங்கியவர், லான்ஸ்மன் பொறியாளர். கன்ட்ரி, ராக், புளூகிராஸ், கிண்டல் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினார்கள். ரசிகர்கள் வெறியர்களாக இருந்தார்கள், வருமானம்தான் இல்லை. 1983-ல் கைமாறி ஹிட் பாட்டு நிலையம் ஆகிவிட்டது. அங்கே நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த லாரா எலன் ஹாப்பர் 1988-ல் வாட்சன்வில்லில் சிலரோடு சேர்ந்து கே-பிக்கைத் தொடங்கினார். கொழுப்பு போய்ப் பன்றி வந்தது.

இதைக் கிளாசிக் ராக், அதாவது பழைய ராக் பாட்டு மட்டும் போடும் நிலையம் என்று சொல்லலாமா? அமெரிக்கச் சின்ன ஊர்களில் அந்தப் பெயரில் ஓடும் நிலையங்கள் வேறு மாதிரி என்று கேள்வி. கேட்டவர்கள், அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

சிற்றலை சுந்தரம்

ரவி தம்பி, நல்ல இழை. நான் மதுரையிலிருந்து நாற்பது வருடமாகச் சிற்றலையில் தூரத்து நிலையங்களை வேட்டையாடும் ஆசாமி. ராக் இசை எனக்கு ஆகாது, காது ஒத்துழைக்காது. ஆனால் நிலையம் என்றால் எதுவானாலும் விசாரிப்பேன்.

இரண்டு விஷயம். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள அமெரிக்க நிலையங்களின் பெயர் கே என்ற எழுத்திலும், கிழக்கே உள்ளவை டபிள்யூவிலும் தொடங்கும். சில பழைய விதிவிலக்குகள் உண்டு. மீதி எழுத்துகளை நிலையத்தார் கேட்டு வாங்கலாம். பன்றியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், பலே.

இன்னொன்று, ஒவ்வொரு மணி நேரத் திருப்பத்திலும் நிலையத்தின் பெயரையும், உடனே அடுத்ததாக உரிமம் வழங்கப்பட்ட ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்களைப் போன்ற வேட்டைக்காரர்கள் அந்த ஒரு விநாடிக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கே-பிக் உரிமத்தில் வாட்சன்வில் இருக்கிறதா, வேறு ஊரா?

மண்வாசம் ரவி

ஐயா, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். உரிமத்தில் உள்ள ஊர் வாட்சன்வில்லை ஒட்டிய ஃப்ரீடம் என்ற சிற்றூர். எனவே சட்டப்படி மணிக்கு ஒருமுறை "கே-பிக், ஃப்ரீடம்" என்று சொல்ல வேண்டும். நான் முதல் ஆறு மாதம் அதை ஏதோ சுதந்திர முழக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழையடேப்

நீங்கள் சொல்லும் "வேறு மாதிரி" நிலையத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், மத்திய மேற்கில் ஒரு கல்லூரி ஊரில் எம்.எஸ். படித்தபோது, சனி, ஞாயிறு இரவுகளில். ஊர்ப் பெயரும் நிலையப் பெயரும் வேண்டாம், அங்கே இருந்தவர்களில் சிலர் இன்னும் பழக்கத்தில் இருக்கிறார்கள்.

கொஞ்சம் வரலாறு. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க எஃப்எம்மில் பெரும்பாலும் ஏஎம் நிகழ்ச்சியையே திரும்ப ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய நகரங்களில் பாதி நேரத்துக்கு மேல் அப்படிச் செய்யக் கூடாது என்று அரசு ஆணையம் எஃப்.சி.சி. விதி போட்டது. 1967-ல் அது முழுதாக அமலுக்கு வந்தபோது பல முதலாளிகளுக்குத் திடீரென்று ஒரு காலி வீடு கிடைத்த மாதிரி ஆயிற்று. என்ன போடுவது? முடி வளர்த்த பையன்களைக் கூப்பிட்டு, என்னவோ போடுங்கள் என்றார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸில் டாம் டோனஹ்யூ அதே வருடம் ஆரம்பித்தார். அறிவிப்பாளர் தன் மனசுப்படி ஆல்பத்தின் எந்தப் பாட்டையும் போடலாம், எவ்வளவு நீளமானாலும் போடலாம். ரவி சொல்லும் கே-ஃபேட் அந்த வம்சம்தான், கொஞ்சம் கிராமத்து ரத்தம் கலந்தது.

எழுபதுகளில் ஆலோசகர்கள் நுழைந்தார்கள். லீ ஏப்ரம்ஸ் என்பவர் முக்கியமானவர். ஆல்பம் ராக்கை ஆராய்ச்சி செய்து, நிலையம் நிலையமாக ஒரே வாய்ப்பாட்டை விற்றார். எண்பதுகள் வந்தபோது எம்டிவி காலத்துப் புதுப் பாட்டுகள் பழைய ரசிகனுக்குப் பிடிக்கவில்லை. ஃப்ரெட் ஜேக்கப்ஸ் என்ற ஆலோசகர், புதுப் பாட்டே இல்லாமல் பழையதை மட்டும் போட்டால் என்ன என்று கேட்டார். அவருடைய கிளாசிக் ராக் வடிவம் 1985-ல் மிச்சிகனின் லான்சிங்கில் டபிள்யூ.எம்.எம்.க்யூ என்ற நிலையத்தில் வந்தது. அந்தச் சொல்லை அதற்கு முன்பே கிளீவ்லாண்ட், ஃபிலடெல்ஃபியா பக்கம் புழங்கினார்கள். நாடு முழுக்கக் கடை விரித்தவர் ஜேக்கப்ஸ்.

சின்ன ஊர் முதலாளிக்கு இது வரப்பிரசாதம். இசை தெரிந்த ஆள் வேண்டாம். பட்டியலைக் காசு கொடுத்து வாங்கலாம்.

எங்கள் நிலையத்தில் பட்டியல் முந்நூற்றுச் சொச்சம் பாட்டு. அலமாரியில் ஆயிரக்கணக்கில் இசைத்தட்டு இருந்தது, தொடக் கூடாது. பட்டியல் எங்கிருந்து வருகிறது என்றால், எங்கோ ஒரு ஓட்டல் ஹாலில் நூறு பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு பாட்டிலும் பத்து விநாடித் துண்டைப் போட்டு மதிப்பெண் வாங்குவார்கள். பல நூறு பாட்டு, ஒரே மாலை. மேலே வந்தது பிழைக்கும், கீழே போனது செத்தது. பத்து விநாடியில் அடையாளம் தெரியாத பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் தேறாது. ஒரு குழு இருபது ஆல்பம் போட்டிருக்கும், எங்களுக்கு அந்தக் குழு என்றால் நாலு பாட்டுதான். கிளாசிக் ராக்கில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அந்த ஹாலைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் கடிகாரம். காகிதத்தில் ஒரு வட்டம், ஒரு மணி நேரத்தின் படம். எந்த நிமிடத்தில் எந்த வகைப் பாட்டு, எங்கே விளம்பரம், எங்கே ஐயா காத்திருக்கும் ஊர்ப் பெயர், எல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தை 20-லும் 50-லும் வைப்போம். காரணம், நேயர் கணக்கெடுப்பு அப்போது டயரியில் நடந்தது. ஒரு கால் மணிக்குள் ஐந்து நிமிடம் கேட்டதாக எழுதினால் அந்தக் கால் மணி முழுவதும் நம் கணக்கில் ஏறும். அதனால் 15, 30, 45 ஆகிய எல்லைக்கோடுகளைத் தாண்டும்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆள் எழுந்து போகக் கூடாது. பாட்டுகளை வரிசைப்படுத்த செலக்டர் என்ற மென்பொருள். ஒரே குழு ஒன்றரை மணிக்குள் திரும்ப வராமல் அது பார்த்துக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டது, கார்ட் எனப்படும் டேப் பெட்டியைச் செருகிப் பொத்தானை அமுக்குவது.

எதிர்க்கட்சி

பழையடேப் அண்ணன் சோகமாகச் சொல்கிறார், எனக்கு இதில் ஒரு சோகமும் தெரியவில்லை. கார் ஓட்டுகிறவன் தெரிந்த பாட்டைத்தான் கேட்க விரும்புவான். நம் ஊரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்த எஃப்எம்மைத் திருப்பினாலும் இளையராஜா. அதிலும் அதே ஐம்பது அறுபது பாட்டு. ராஜா ஆயிரம் படம் செய்திருக்கிறாரே, மீதி எங்கே என்று யாராவது போன் போட்டுக் கேட்கிறோமா? அடுத்த பாட்டு எது என்று தெரிந்தே தலையாட்டுகிறோம்.

அறிவிப்பாளர் தன் மனசுப்படி போடுகிறார் என்றால் பத்தில் எட்டுப் பேர் மோசமாகத்தான் போடுவார்கள். ரவிக்கு முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

மண்வாசம் ரவி

முதல் வாரம் புரியவில்லை, நாலாவது வாரம் ரேடியோவுக்காகவே வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதியிருக்க வேண்டும்.

தேன்மொழி

கே-பிக் பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். நான் வாட்சன்வில் பக்கமே போனதில்லை. சென்னையில் கேட்டேன், 2000-ல்.

1995 ஆகஸ்டில் கே-பிக் தன் ஒலிபரப்பை இணையத்தில் விட்டது. வணிக நிலையங்களில் இருபத்து நாலு மணி நேரமும் அப்படிச் செய்த முதல் நிலையம் என்று அதைச் சொல்வார்கள். வட கரோலினாவில் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. என்ற மாணவர் வானொலி 1994 நவம்பரிலேயே செய்துவிட்டது, ஆனால் அது வணிக நிலையம் இல்லை. அதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அங்கே ஸ்ட்ராபெரி ஊர் வானொலி கடல் தாண்டிக் கிளம்புகிறது, இங்கே கதவு இப்போதுதான் திறக்கிறது. அந்தப் பொருத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஐந்து வருடம் கழித்து எங்கள் வீட்டு டெலிபோன் மோடம் கீச்சிட்டு இணைந்ததும் ரியல்பிளேயரைத் திறப்பேன். பத்து விநாடி பாட்டு, இருபது விநாடி "பஃபரிங்". அப்பா போன் பில்லைப் பார்த்து, அமெரிக்காக்காரன் பாட்டுக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்று கேட்டார். பதில் இல்லை.

அதில் பார்த்த வேடிக்கை என்னவென்றால், ஓடும் பாட்டின் பெயர் இணையப் பக்கத்தில் வரும். நான் அந்தப் பெயர்களை நோட்டில் எழுதிவைப்பேன். மூன்று மாதத்தில் ஒரு பாட்டு இரண்டு முறை வந்ததாக என் நோட்டில் இல்லை. மோடம் அறுந்த நேரத்தில் வந்திருக்கலாம், அது வேறு.

குறுக்கே ஒருவன்

போன் பில் கட்டின அப்பாவுக்கு ஒரு கும்பிடு.

பழையடேப்

எதிர்க்கட்சி சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். எனக்கே அந்த முந்நூறு பாட்டு பிடித்திருந்தது, முதல் இரண்டு மாதம்.

நிலையத்தை ஊரார் கேட்டது பாட்டுக்காக மட்டும் இல்லை என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். வெள்ளிக்கிழமை இரவு உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் நேர்முக வர்ணனை. அன்று லெட் செப்பலின் மாதிரி ராக் குழுக்களுக்கு விடுமுறை. அந்த மூன்று மணி நேரத்துக்கு வரும் விளம்பரம் வாரம் முழுக்க வருவதற்குச் சமம்: டயர் கடை, தீவனக் கடை, வங்கிக் கிளை, சவ அடக்க நிலையம். காலையில் பனி கொட்டினால் எந்தெந்தப் பள்ளிக்கு விடுமுறை என்ற பட்டியல். பழைய பிரிட்ஜ், குட்டி போட்ட நாய், உழவு டிராக்டர் என்று நேயர்கள் போன் போட்டு விற்கும் அரைமணி நேரம் ஒன்று. ராக் ரசிகர்கள் அதைக் கிண்டல் செய்வார்கள், ஆனால் அணைக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை எந்தக் குழுவைப் போட்டாலும் இரண்டு பாட்டாகப் போடுவது, வார இறுதியில் ஒரே குழுவின் பாட்டை அடுக்குவது போன்றவை எல்லா ஊரிலும் உண்டு, எங்களிடமும் இருந்தது.

இரவு பன்னிரண்டுக்குப் பிறகு நிலையத்தில் மனிதர் யாரும் பேசுவதில்லை. செயற்கைக்கோள். இந்தத் தொழில் எண்பதுகளின் தொடக்கத்திலேயே டல்லாஸில் ஆரம்பித்துவிட்டது. அங்கே உட்கார்ந்து ஒருவர் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு ஒரே நேரத்தில் பேசுவார். எந்த ஊர் பெயரையும் சொல்ல மாட்டார். ஆனால் அவர் குரலிலேயே "இது உங்கள் இன்ன ஊர் ராக் நிலையம்" என்று முன்கூட்டியே பதிந்து ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டேப் அனுப்பியிருப்பார்கள். அவர் பேச்சை நிறுத்தும் இடத்தில் காதுக்கு எட்டாத ஒரு சமிக்ஞை வரும், நம் இயந்திரம் அந்த டேப்பைச் சுழலவிடும். கேட்கிறவர் அவர் நம் தெருவில் இருப்பதாக நினைப்பார். ஒருமுறை எங்கள் இயந்திரம் இரண்டு ஊருக்குத் தள்ளி இருந்த நிலையத்தின் டேப்பை ஓட்டிவிட்டது, அது எங்களிடம் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நடுராத்திரி ஒரு கிழவி போன் செய்து, "நாம் இடம் மாறிவிட்டோமா?" என்று கேட்டார்.

நிலையம் கடைசி வாரச் சம்பளம் எனக்கு இன்னும் தரவில்லை. அதுவும் வரலாறுதான், எழுதிவைக்கிறேன்.

பனிக்காட்டான்

வட டகோட்டாவில் ஏழு வருடமாக இருக்கிறேன். செயற்கைக்கோள் பேச்சு வந்துவிட்டதால் மைனாட் கதையைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே வானொலி என்று வாயெடுத்தால் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள்.

2002 ஜனவரி 18, நள்ளிரவு ஒன்றரை தாண்டி. மைனாட் ஊருக்கு வெளியே கனேடியன் பசிஃபிக் சரக்கு ரயில் தடம் புரண்டது. டாங்கர்களில் நீரற்ற அம்மோனியா, உரத்துக்குப் போகிற சரக்கு. வாயு மேகம் போல ஊர்ப் பக்கம் வந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோருக்கு மூச்சும் கண்ணும் பாதித்தது. ஜனங்கள் ரேடியோவைப் போட்டார்கள். ஊரின் ஆறு வணிக நிலையங்களும் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். காவல்துறை போன் போட்டும் உடனே ஆள் கிடைக்கவில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

1996-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் ஒரு நிறுவனம் நாடு முழுக்க ஏஎம்மில் இருபது, எஃப்எம்மில் இருபது நிலையம்தான் வைத்துக்கொள்ளலாம். சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. சில வருடத்தில் கிளியர் சேனலிடம் 1,200-க்கு மேல்.

எதிர்க்கட்சி

மைனாட் பற்றி நானும் படித்திருக்கிறேன். அவசர அறிவிப்புக் கருவியை உள்ளூர்க் காவல்துறை சரியாக இயக்கவில்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்தக் கருவி ஆள் இல்லாத நிலையத்திலும் தானாகப் பாட்டை வெட்டி அறிவிப்பைப் போட வேண்டியது. கருவி வேலை செய்யாததற்குப் பாட்டுப் பட்டியல் என்ன செய்யும்? இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

பனிக்காட்டான்

முடிச்சு நான் போடவில்லை, கணக்குப்பிள்ளை போட்டார். பட்டியல் வெளியிலிருந்து வந்தால் பாட்டு தேர்ந்தெடுக்கும் ஆள் வேண்டாம். குரல் டல்லாஸிலிருந்து வந்தால் அறிவிப்பாளர் வேண்டாம். இருவரும் போன பிறகு, ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் எடுப்பதற்கென்று மட்டும் யார் சம்பளம் கொடுப்பார்கள்? உள்ளூர் நபர் என்ன பாட்டு போட்டார் என்பது எனக்கு முக்கியமே இல்லை. செப்பலினையே நாள் முழுக்கப் போடட்டும். அவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி

சரி, இந்தப் பாயின்ட் நியாயம். கருவி விஷயத்தை விடவில்லை, ஆனால் இது நியாயம்.

தேன்மொழி

2017-ல் எஃப்.சி.சி. இன்னொரு விதியையும் எடுத்துவிட்டது. உரிமம் பெற்ற ஊரிலோ அருகிலோ நிலையத்துக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தே ஆக வேண்டும் என்பது 1940-லிருந்து இருந்த விதி. இப்போது தேவையில்லை. ஐயா காத்திருக்கும் ஊர்ப் பெயரை மணிக்கொருதரம் சொல்லத்தான் வேண்டும். அந்த ஊரில் ஒரு நாற்காலிகூட இல்லாமலும் சொல்லலாம்.

நான் சொல்ல வந்தது கே-பிக்கின் காசு விஷயம். அமெரிக்காவில் சாதாரண வானொலி பாட்டு எழுதியவர்களுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். பாடினவருக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டாம். இணையத்தில் விட்டால் அவர்களுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். 2002 ஜூனில் விகிதம் அறிவித்தார்கள்: ஒரு பாட்டை ஒருவர் கேட்டால் 0.07 சென்ட், அதுவும் 1998 அக்டோபரிலிருந்து பின்தேதியிட்டு. தூசு மாதிரித் தெரிகிறதா? ஆயிரம் பேர் கேட்கிறார்கள், மணிக்குப் பதினைந்து பாட்டு என்று வையுங்கள். நாளுக்கு 3,60,000 கேட்பு, 252 டாலர். வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் டாலருக்கு மேல். அந்த ஆயிரம் பேரில் சென்னையில் இருக்கும் எனக்கு வாட்சன்வில் டயர் கடை விளம்பரத்தால் என்ன பயன்? டயர் கடைக்காரருக்கு என்னால் என்ன பயன்?

அடுத்த மாதமே கே-பிக் இணைய ஒலிபரப்பை நிறுத்தியது. பிறகு காசு கட்டிக் கேட்கும் ஏற்பாடாகத் திரும்பி வந்தது. நான் கட்டவில்லை. அப்பாவிடம் திரும்பக் கேட்கத் துணிவில்லை.

கே-பிக்கை இணையத்துக்குக் கொண்டுபோன பில் கோல்ட்ஸ்மித் 2000-ல் ரேடியோ பாரடைஸ் என்று தனியாக இணைய வானொலி தொடங்கினார். அது இன்னும் ஓடுகிறது, விளம்பரமே கிடையாது, கேட்கிறவர்கள் அனுப்பும் பணத்தில் நடக்கிறது. நான் இப்போது கேட்பது அதைத்தான். பாட்டுத் தேர்வில் கே-பிக் வாசனை கொஞ்சம் அடிக்கும், பன்றி மட்டும் இல்லை.

சிற்றலை சுந்தரம்

தேன்மொழி அம்மா, இணையத்தில் கேட்டதை எல்லாம் "கேட்டேன்" என்று சொல்லலாமா என்பது எங்கள் வட்டாரத்தில் பெரிய சண்டை. ஆன்டெனா இல்லை, வளிமண்டலம் இல்லை, இரைச்சல் இல்லை. சரி, இருக்கட்டும்.

இந்தச் சின்ன ஊர் நிலையங்கள் எவ்வளவு தூரம் எட்டும் என்று யாரும் எழுதவில்லை. எஃப்எம் அலை பார்வைக்கோட்டில் போவது. சக்தியைவிட உயரம்தான் பெரிது. நம் கோடைப் பண்பலை 100.5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் சின்னது, ஆனால் மலை 2,100 மீட்டர். மதுரை, திண்டுக்கல், திருச்சி என்று வீட்டுக்குள்ளேயே கேட்கும். அமெரிக்காவில் சின்ன ஊருக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஏ வகை உரிமத்துக்கு 1989 வரை 3 கிலோவாட்தான் உச்சம், பிறகு 6 ஆக்கினார்கள், நூறு மீட்டர் உயரக் கணக்கில். சுமார் 28 கிலோமீட்டர் வரைதான் உத்தரவாதம். மதுரையில் டவர் வைத்தால் திருமங்கலம் தாண்டிச் சிறிது தூரம். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள்தான் உலகம். டயர் கடையும் அதற்குள்தான், கிழவியும் அதற்குள்தான்.

மண்வாசம் ரவி

ஐயா சொன்ன வட்டத்தை நான் வண்டியில் அளந்திருக்கிறேன். வடக்கே சாண்டா குரூஸ் மலைச்சாலையில் ஏறினால் வளைவுக்கு வளைவு கே-பிக் வந்து வந்து போகும். பாட்டு நடுவில் அறுந்தால் அடுத்த வளைவில் இணையும். சான் ஹோசே பக்கம் இறங்கியதும் வேறு நிலையங்கள் அமுக்கிவிடும். அங்கே இறங்கியதும் வருவது பழையடேப் சொன்ன அதே பட்டியல்தான், அதே வரிசைகூட.

எதிர்க்கட்சிக்குப் பதில் ஒன்று பாக்கி. மனசுப்படி போட்டால் பத்தில் எட்டுப் பேர் மோசமாகப் போடுவார்கள் என்றார். உண்மை. கே-பிக்கில் சுதந்திரம் இருந்தது, ஆனால் மேலே லாரா எலன் இருந்தார். நிலையத்துக்குள் எந்த ஆல்பம் வரலாம் என்பது அவர் காதைத் தாண்டித்தான் முடிவாகும். உள்ளே வந்ததிலிருந்து எதை, எப்போது என்பது அறிவிப்பாளர் பாடு. நூறு பேர் ஓட்டல் ஹாலுக்குப் பதில் ஒரு பெண்ணின் காது. அவர் 2007-ல் புற்றுநோயால் இறந்தார். அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன். பழைய சக ஊழியர் ஒருவர் மின்னஞ்சலில் ஒரே வரி எழுதியிருந்தார். வழக்கமாக மின்னஞ்சலில் வேரழுகல் தவிர வேறெதுவும் எழுதாத மனிதர்.

பின்னால் நிலையம் சில முறை கைமாறியது. பெயரும் பன்றியும் அப்படியே இருக்கின்றன. ஞாயிறு காலையில் உள்ளூர்க் கலைஞர்களை ஸ்டூடியோவுக்கே அழைத்து நேரலையில் பாட வைக்கும் நிகழ்ச்சி அவர்களுடைய பெரிய அடையாளம். காபி குடித்துக்கொண்டே அதைக் கேட்டுவிட்டுத்தான் துணி துவைக்கப் போவேன். ஒருமுறை பாடவந்தவரின் கிதார்க் கம்பி அறுந்துவிட்டது. மாற்றி முடிக்கும்வரை அறிவிப்பாளர் அவரிடம் வீட்டு வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சாண்டா குரூஸ் வாடகை அப்படி. எந்தக் கடிகார வட்டத்திலும் அதற்கு இடம் இருந்திருக்காது.

எதிர்க்கட்சி

லாரா எலன் காதும் ஒரு பட்டியல்தானே, நீளம் ஜாஸ்தி.

பழையடேப்

ஆமாம். ஆனால் அதற்கு ஒரு முகவரி இருந்தது. என் பட்டியலைத் திட்ட நினைத்தால் யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியாது.

குறுக்கே ஒருவன்

சம்பள பாக்கிக்குத் திட்டலாமே அண்ணே.

சிற்றலை சுந்தரம்

நேற்று ஞாயிறு. இங்கே இரவு பத்தரை என்றால் அங்கே காலை பத்து. பேத்தி கைப்பேசியில் எப்படியோ கே-பிக்கைப் பிடித்துக் கொடுத்தாள். இது கேட்பதில் சேர்த்தி இல்லை என்று அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

யாரோ ஒருவர் பிடில் வாசித்தார். ராக் இல்லை, பிடில். நன்றாகவே இருந்தது. நடுவில் எதற்கோ சிரித்தார்கள், புரியவில்லை. பன்றியாக இருக்கும். அங்கே பதினொன்று ஆகப் போகிறது என்றதும் பழக்க தோஷம், கை தானாகப் பேனாவைத் தேடியது. பேத்தி தூக்கம் வருகிறது என்றாள், இரு என்றேன். ஊர்ப் பெயர் வந்தது. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன் (எங்கள் கணக்கில் 5 என்றால் குறையே இல்லை):

இந்திய நேரம் 23:29. கே-பிக், ஃப்ரீடம். சிக்னல் 5, இடையூறு 5, இரைச்சல் 5. ஆன்டெனா: பேத்தி.